வெள்ளைக்கு மெஷின் கிடையாது

மூடியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினால் பந்து துடைக்கிற மெஷின் உடனே ஓடிவிடாது. முதலில் ஒரு செருமல், அப்புறம் ஒரு கனைப்பு, மேடையேறின கவுன்சிலர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்பார்ந்த என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு இழு இழுப்பாரே அது மாதிரி கொஞ்சம் இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே தட்டு சுழன்று, பந்துகள் அதனதன் குழியில் உருண்டு, ஸ்னூக்கர் கூடம் முழுக்க ஒரே இரைச்சலாகும். கேட்ட சத்தத்தை உள்ளுக்குள் ஒருதடவை செய்து பார்க்காவிட்டால் கூடத்தைப் பார்த்துக்கொள்கிற சற்குணத்துக்குச் சோறு செரிக்காது. செருமலைச் செய்து பார்த்தான், வந்தது. கனைப்பைச் செய்து பார்த்தான், வந்தது. இரைச்சலைச் செய்தபோதுதான் எங்கேயோ ஒட்டாமல் நின்றது. வருஷக்கணக்காகப் பிடிக்கிற சத்தம், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிடிக்கிற சத்தம், இன்றைக்கு என்னவோ வாய்க்குள் ஒன்றும் மெஷினுக்குள் ஒன்றுமாக ஓடியது. தொண்டை சரியில்லை போல என்று நினைத்தான். நினைத்ததும், அந்த வார்த்தையை நினைத்திருக்க வேண்டாம் என்று பட்டது. காலையிலிருந்து அந்த வார்த்தையைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான், கடிநாய் கட்டிக்கிடக்கிற வீட்டுக்கு எதிர்ச் சாரியில் நடக்கிறவன் மாதிரி. டீக்கடையில் இஞ்சி தட்டிப் போடவா அண்ணாச்சி, தொண்டைக்கு நல்லது என்று கேட்டவனைப் பார்த்து முறைத்துவிட்டு வெறும் டீயைக் குடித்துவிட்டு வந்தான். இப்போது நாய் தானாகவே தெருவைத் தாண்டி வந்து காலடியில் படுத்துவிட்டது. உலகநாதனுக்குத் தொண்டையிலிருந்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். எடுத்து நாலு மாசம் ஆகிறது. அவன் இன்றைக்குச் சாயங்காலம் இந்த மாடிப்படி ஏறி வருகிறான்.

வருகிறான் என்று சொன்னது செண்பகம், உலகநாதன் பெண்சாதி. நேற்று போன் பண்ணியிருந்தாள். அவள் பேசுவது ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும், முறுக்கி முறுக்கிச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு உதறு. வீட்டிலேயே உட்கார்ந்திருக்காக அண்ணாச்சி, கடைக்கும் போகல, மோட்டார் காயில் கட்டுத வேலையெல்லாம் பையன்தான் பாக்கான், நேத்து அவுகளாவே என்னக் கூப்பிட்டு, கம்ப வச்சுப் பந்து அடிக்குத மாதிரி கையக் காட்டி, போவட்டுமான்னு கேட்டாக, எனக்கு அழுகையே வந்துட்டு, நாளைக்குச் சாயங்காலம் அனுப்புதேன் என்றாள். சற்குணம் ம் கொட்டினான். ம் மட்டும்தான் கொட்டினான், அந்த ம் யாருடைய ம் என்று அப்போதே ஒரு சந்தேகம். அப்புறம் உதறினாள். ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி, அவுக மாதிரி மட்டும் பேசிராதீக. போன வாரம் சின்னவள் தெரியாத்தனமாக அவுகளுடைய பழைய போனில் அவுகளே பேசிக் கிடந்த ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டாளாம். பெரிசாக ஒன்றுமில்லை, வாரப்பம் கருவப்பில வாங்கணுமா, அவ்வளவுதான். மனுஷர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினவர்தான், மறுநாள் மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்று இருக்கிறது என்றார்களாம், அது வண்டு இரைகிற மாதிரி இரைவதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாராம். இத்தனைக்கும் பிறகு செண்பகம் சொன்னாள். “நீங்க வேணும்னு செய்ய மாட்டீக அண்ணாச்சி. ஆனா ஒங்க வாயி.”

ஒங்க வாயி. ராத்திரி முழுக்க அதுவேதான். அவள் சொன்னது சரி, வாய்தான் அவனைக் கூட்டிக்கொண்டு அலைகிறது, இவன் பின்னாலேயே செருப்பைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இது மூணாவது தடவை. மத்தியானம் ஒருதடவை போட்டான், அது தேவைதான், காலேஜ் பையன்கள் இரண்டு நாளாக அடித்த அடியில் பந்தெல்லாம் கம்பு நுனியில் தேய்க்கிற நீலச் சாக்குப்பொடியும் கைப்பிசுக்கும் அப்பிக் கிடந்தது. இரண்டாவது தடவை போட்டதற்கு, பச்சையில் ஒரு புள்ளி போகவில்லை என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். பெஞ்சில் பரப்பியிருந்த துணியிலிருந்து பந்துகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மூணாவது தடவை போட்டபோது காரணம் சொல்லக்கூட மறந்துவிட்டது. உண்மை என்னவென்றால் மெஷின் ஓடுகிறவரைக்கும் யாரும் யாரோடும் பேச முடியாது. அவன் வருகிற நேரத்தில் இது ஓடிக்கொண்டிருந்தால் போதும். சிரிக்கலாம். கையைக் காட்டலாம். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போடலாம். இரைச்சலில் வாய் இருக்கிறவனும் ஊமை, இல்லாதவனும் ஊமை. அப்படி ஒரு பத்து நிமிஷம் ஓடிவிட்டால் அப்புறம் பதினோராவது நிமிஷம் தானாக வந்துவிடும், அப்போது கம்பை எடுத்து ஆட ஆரம்பித்துவிடலாம், ஆட்டத்தில் எவன் பேசுகிறான்.

“என்னடே, பந்தத் தொடைக்கியா, இட்லிக்கு ஆட்டுதியா” என்றது சுவரோரப் பெஞ்சு. கோமதிநாயகம் சார். தபால் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், வீட்டில் பேரப்பிள்ளைகள் டி.வி.யை அலறவிடுகிறார்கள் என்று மத்தியானச் சாப்பாடு ஆனதும் இங்கே ஏறி வந்து கண்ணை மூடிக்கொள்வார். வாழ்நாளில் ஒரு கம்பைத் தொட்டதில்லை. பந்தும் பந்தும் மோதுகிற சத்தத்தில் வருகிற உறக்கம் வேறு எதிலும் வராது என்பார். கண்ணைத் திறக்காமலே படி ஏறுகிறவன் யார், கம்பை எடுத்தவன் யார், தோற்றுவிட்டு மூக்கை உறிஞ்சுகிறவன் யார் எல்லாம் சொல்லிவிடுவார். இட்லிக் கேலியும் அவருடையதில்லை, மெஷின் வந்த நாளிலிருந்து ஊர்ச்சொத்து. உலகநாதன்தான் இதைக் கட்டினான். எவனோ போனில் காட்டின படத்தைப் பார்த்துவிட்டு, என்னவே பெரிய வித்த, நான் செஞ்சு தாரேன் பாரும் என்று ஒரு பழைய மாவாட்டுகிற கிரைண்டரை வாங்கி, கல்லைக் கழற்றி, மோட்டாரை மறுபடி கட்டி, குழிக்குழியாகத் தட்டு அடித்து அதில் கம்பளி ஒட்டி, மூடிக்கும் கம்பளி ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலுபேர் தூக்க மாடிக்குக் கொண்டுவந்தான். கோயில்விட்டு வந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்தார்கள். எண்ணெய்க்கடை ஆச்சி கீழேயிருந்து, ஏ சற்குணம், எனக்கும் ரெண்டு படி உளுந்து போட்டுத் தாயேன் என்று கத்தினாள். அதுவரைக்கும் வாளியில் சோப்புத்தண்ணி கரைத்துப் பந்துகளை முங்கப்போட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான் சற்குணம். மெஷின் முதல்தடவை நின்று மூடியைத் திறந்தபோது சிவப்பெல்லாம் மாதுளம்பழம் மாதிரி கிடந்தது. உலகநாதன் ஒன்றைக் கையில் எடுத்து, இதுல ஒம்ம மூஞ்சி தெரியுது வே, தூக்கிக் கடாசிருவமா என்றான்.

அந்தக் குரலில் சொன்னான். அந்தக் குரல் என்றால், ஓட்டுக்கூரையில் தென்னைமட்டை சறுக்கிக்கொண்டு வருகிற குரல். அடியில் கரகரவென்று ஆரம்பித்து, வாக்கியம் முடிகிற இடத்தில் திடீரென்று ஒரு துள்ளு, துள்ளிவிட்டு ஒரு கேட்டேரா. நான் சொல்லுதது கேட்டேரா. சற்குணம் ஊரில் பிடிக்காத குரல் கிடையாது, சபைக்குரு, சங்குமார்க் வெடிக்கடை முதலாளி, மீன்கார சேசம்மா, ஏன், சேசம்மா பின்னால் வருகிற பூனைகூட. ஆனாலும் உலகநாதன் குரல்தான் அவனுக்கு ராஜா வேஷம். மாடிப்படியில் கால் வைக்கிறபோதே உலகநாதன் கீழேயிருந்து கூப்பிடுவான், என்னவே சற்குணம், கடை தொறந்திருக்கா. மேலேயிருந்து அதே குரலில், அதே துள்ளோடு, தொறந்துதான் கெடக்கு, ஏறி வாரும்வே, கேட்டேரா. படியில் ஏறுகிறவனும் மேலே நிற்கிறவனும் ஒரே ஆள். பதினைந்து வருஷமாக ஒருநாள் தப்பினது கிடையாது. ஒருதடவை இவன் அந்தக் குரலில் செண்பகத்துக்குப் போன் பண்ணி, ஏட்டீ, சாளை வாங்கிக் குழம்பு வையி, கூட்டுக்கார ஆட்கள் நாலுபேர் வாராக என்று சொல்லிவிட்டான். உலகநாதன் பரோட்டா தின்றுவிட்டு வயிறு முட்ட வீட்டுக்குப் போனால் சட்டி நிறையக் குழம்பு, பாய் விரித்து நாலு இலை. மறுநாள் மேலே வந்தவன் திட்டவேயில்லை. தூக்குவாளியில் பழைய குழம்பைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்து, தின்னும்வே, நீருதான என் வாயால வைக்கச் சொன்னது என்றான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்தபிறகு, நானும் ஒம்ம மாதிரி ஒருநா பேசிக் காட்டணும்னு பாக்கேன், முடியல, ஏன் தெரியுமா, ஒமக்குன்னு ஒரு சத்தமே கெடையாதே வே என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சற்குணமும் சிரித்தான். அந்தச் சிரிப்பு உலகநாதன் சிரிப்பு.

மெஷின் நின்றது. நிற்கும்போது ஒரு பெருமூச்சு விடும், கம்பளியில் பந்துகள் கடைசியாக ஒருதடவை புரண்டு அடங்கும். கூடம் திடீரென்று பெரிசாகிவிட்டது. மேசைக்கு மேலே தொங்குகிற விளக்கு, பச்சைத்துணி, சுவரில் வரிசையாகச் சாய்ந்த கம்புகள், கீழே ரோட்டில் பள்ளிக்கூடம் விட்ட சைக்கிள் மணி. இந்த அமைதியில் அவன் வந்துவிட்டால். சற்குணம் மூடியைத் திறக்காமலே மறுபடி சுவிட்சைத் தட்டினான். செருமல், கனைப்பு, இரைச்சல். நாலாவது தடவை. இவ்வளவு பாலீஷ் ஏறினால் பந்து மேசையில் பிடிக்காது, சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், தெரியும். தெரிந்தே ஓடவிட்டான். இரைச்சலை மறுபடி வாய்க்குள் பிடித்துப் பார்த்தான், மறுபடி ஒட்டவில்லை. எங்கேயோ ஒரு இடம் காலியாக இருந்தது, அவன் வாய்க்குள்ளா மெஷினுக்குள்ளா தெரியவில்லை. பயமாக இருந்தது. பிடிக்கிறது போய்விட்டதோ. அப்படியென்றால் அந்தக் குரலும் போயிருக்கும். நாலு மாசமாக அதை எடுக்கவேயில்லை. தனியாக இருக்கிற சமாதானபுரத்து அறையில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு சபைக்குரு குரலில் மூணாவது விசிலுக்காக ஜெபிப்பான், சேசம்மா குரலில் தட்டைக் கழுவுவான், கோமதிநாயகம் சார் குரலில் விளக்கை அணைடே என்று தன்னையே அதட்டிவிட்டுப் படுப்பான், உலகநாதன் குரலை மட்டும் தொடமாட்டான். அது இன்னும் தன்னிடம் இருந்தால் ஊரான் பொருள், இல்லாவிட்டால் உலகத்திலேயே வேறெங்கும் கிடையாது. இரண்டில் எது நல்லது என்று யோசிக்க ஆரம்பித்தால் சாதம் குழைந்துபோகும்.

வாய் எப்போதும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். நாசரேத் ஊருக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா, தலைமை ஆசிரியராக இருந்தவர், மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுகிறவர், தம்பிக்கு... இந்தத் தொழில்ல... எப்படி... ஒரு ஈடுபாடு என்று கேட்டார். சற்குணம் மரியாதையாகத்தான் பதில் சொன்னான், சத்தியமாக மரியாதையாகத்தான், சின்ன வயசிலிருந்தே... ஐயா... ஒரு பிரியம் என்று சொல்லி முடித்தபிறகுதான் அறையில் இருந்த அத்தனை முகமும் கல்லாகிவிட்டது தெரிந்தது. அவர் மூக்கு, அவர் இழுப்பு, அவர் ஐயா. வேண்டுமென்று செய்யவில்லை, யார் எதிரே உட்கார்ந்து பேசுகிறார்களோ அவர்கள் சத்தம் தண்ணி மாதிரி வந்து இவனுக்குள் நிரம்பிவிடும், காலிப் பாத்திரம் என்ன செய்யும். திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. அடக்கி, முடியாமல், விட்ட சிரிப்பு. சம்பந்தம் அங்கேயே முடிந்துபோனது, பஸ்ஸில் வரும்போது கூட வந்த உலகநாதன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பிள்ள சிரிச்சுது, கேட்டேரா என்றான், அவ்வளவுதான் சொன்னான். இவனும் கேட்டான். அந்தச் சிரிப்பை மட்டும் சற்குணம் இன்றைக்கு வரைக்கும் செய்து பார்த்ததில்லை. செய்தால் வந்துவிடும்.

கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டான். இரைச்சல் இருப்பதால் தைரியமாக ஒத்திகை பார்க்கலாம். உலகநாதன் வந்ததும் என்ன சொல்ல வேண்டும். வாரும். ஒரே ஒரு வார்த்தை, இதற்கு எதற்கு இத்தனை அமர்க்களம். வாரும் என்றான். அது சபைக்குருவின் வாரும், ஞானஸ்நானத் தொட்டிக்குக் கூப்பிடுகிற மாதிரி. வாரும் என்றான். அது வெடிக்கடைக்காரர், வியாபாரம் வந்துவிட்டது என்று. வாங்க என்று மாற்றிப் பார்த்தான், ஆஸ்பத்திரி நர்ஸ். நர்ஸ் எங்கே வந்தாள் என்றால், மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனானே, அங்கே. ஒரு பை கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வார்டு வாசல்வரைக்கும் போனான், வாங்க, யாரைப் பாக்கணும் என்று கேட்டாள் ஒரு நர்ஸ், யாரையும் இல்லை என்று அவள் குரலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். ஆரஞ்சை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தான். அதற்கு முன்தினம்தான் உலகநாதன் போன் பண்ணியிருந்தான். நாளைக்கு அறுக்காக வே என்றான். வெறும் மூச்சு. ஏதாவது பெரிசாகச் சொல்வான், இல்லை இவனாவது சொல்லவேண்டும், சொல்லாமல் போனை வைத்தால் வாழ்நாள் பூரா உறுத்தும் என்று இவன் தவித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் தென்னைமட்டை சறுக்கியது. “நான் வாரது வரைக்கும் வெள்ளைய மெஷின்ல போட்டுராதீரும், கேட்டேரா.” துள்ளினான், வைத்துவிட்டான். மனுஷன் கடைசியாகத் தன் தொண்டையால் இவனிடம் சொன்னது அது. வெள்ளைப் பந்தைப் பற்றி.

உலகநாதனுக்கு அது ஒரு வைராக்கியம். பந்து மொத்தம் இருபத்திரண்டு, தட்டில் குழியும் இருபத்திரண்டு, அடித்தது அவனேதான், ஆனாலும் முதல்நாளே சட்டம் போட்டான், வெள்ளைக்கு மெஷின் கிடையாது. மத்ததெல்லாம் அடி வாங்குதது வே, இது ஒண்ணுதான் அடி குடுக்குதது, அடியாளக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டா எவன் பயப்படுவான். வெள்ளையை ஈரத்துணியால் ஒரு துடை, அப்புறம் வேட்டியில் ஒரு துடை, அவ்வளவுதான் அதற்கு மரியாதை. காலேஜ் பையன்கள் சிரித்தாலும் கேட்கமாட்டான். ஒரு குழி காலியாக ஓடுகிறதால் தட்டு லேசாக ஒருபக்கம் சாயும், சுற்றுக்கு ஒருதடவை டொக் என்று ஒரு நொண்டல் விழும். சத்தம் நல்லா இல்லையே, அந்த இடத்தில் ஒரு இரும்புத் துண்டை வைத்துச் சரிபண்ணிவிடேன் என்று சற்குணம் கேட்டதற்கு, நொண்டட்டும்வே, நொண்டுனாத்தான் வெள்ள வெளிய இருக்குன்னு அர்த்தம், நான் படியில ஏறுதப்பமே எனக்குத் தெரியணும் என்றான். உண்மையாகவே படியில் வரும்போதே தெரிந்துகொள்வான். மேலே வந்ததும் மூடியில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நிற்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அந்த டொக். சற்குணம் வாய்க்குள் எப்போது மெஷினைப் பிடித்தாலும் அந்த டொக்கை வைத்துத்தான் பிடிப்பான், அதுதான் அதற்கு மூக்கு. ஹ்ர்ர்ர் டொக். ஹ்ர்ர்ர் டொக். இப்போதும் அப்படித்தான் பிடித்தான்.

மெஷினில் டொக் இல்லை.

கண்ணாடி முன்னால் சீப்பைப் பிடித்தபடி நின்றான். ஹ்ர்ர்ர் என்று ஒரே சீராக, எண்ணெய் போட்ட மாதிரி, பணக்கார வீட்டு மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்குள் இருந்ததுதான் சரி, மெஷின்தான் தப்பு. திரும்பிப் பார்த்தான். வெள்ளையை வைக்கிற கொட்டாங்கச்சி ஜன்னல்கட்டையில் இருக்கும், போனான், காலி. மேசையின் ஆறு பையிலும் கையை விட்டுப் பார்த்தான், காலி. சார் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு அடியில் குனிந்தான். என்னடே தேடுத என்றார் கண்ணைத் திறக்காமல். ஒன்றுமில்லை சார் என்று வாய் சொன்னது, அவர் குரலிலேயே. தரையில் முழங்காலை ஊன்றியபடி அப்படியே இருந்துவிட்டான். துணியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டானே, மூணாவது தடவை, காரணம்கூட இல்லாமல். அதற்கு முன்னால் ஈரத்துணியில் துடைத்து அந்தத் துணிமேலேயே வெள்ளையை வைத்திருந்தான். நாலு மாசமாக அவன் போனபிறகு ஒருநாள், ஒரே ஒருநாள் கூட அதை உள்ளே போடவில்லை. பையன்கள் கேட்டார்கள், ஆள்தான் வரலயே அண்ணே, போட்டா என்ன. போடவில்லை. அவன் சொன்னதில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதைக் காப்பாற்றிக்கொண்டுதான் நாலு மாசம் கடையைத் திறந்தான் பூட்டினான். அவன் வருகிற அன்றைக்குப் போட்டுவிட்டான். எழுந்து சுவிட்சை நிறுத்தப் போனான். நிறுத்தினால் அமைதி. அமைதியில் மூடியைத் திறந்து, வெள்ளையைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, கொட்டாங்கச்சியில் வைத்து, மறுபடி போட்டு, அதற்கு நேரம் இருக்குமா என்று நினைக்கும்போதே படியில் கால் சத்தம்.

பாதிப் படியில் நின்றது. அங்கேதான் எப்போதும் கூப்பிடுவான், என்னவே சற்குணம் என்று. இப்போது ஒன்றும் வரவில்லை. மேலேயிருந்து பதில் சொல்ல வேண்டிய இடம் வந்து வாயில் முட்டிக்கொண்டு நின்றது, சற்குணம் பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் அங்கே கேட்டுக்கொண்டு நிற்கிறான். நொண்டலைக் கேட்க நிற்கிறான். கால் மறுபடி ஏறியது, கொஞ்சம் வேகமாக ஏறியது.

உலகநாதன் மெலிந்திருந்தான். கழுத்தில் மூச்சு விடுகிற துளைக்கு மேலே, பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு வெள்ளைத்துணி, சட்டைக் காலருக்குள் சொருகியிருந்தது. சற்குணம் சிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தான், நாற்காலியை இழுக்க வேண்டும் என்று வைத்திருந்தான், வாரும் என்று ஒன்று வைத்திருந்தான், யார் குரலிலாவது. உலகநாதன் இவனைப் பார்க்கவேயில்லை. நேரே மெஷினிடம் போய் மூடிமேல் உள்ளங்கையை வைத்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. சுவிட்சை அவனே தட்டினான். பெருமூச்சு விட்டு நின்றது. மூடியைத் தூக்கினான். சிவப்புகளுக்கு நடுவில், மஞ்சளுக்குப் பக்கத்தில், உரித்த நுங்கு மாதிரி, இதுவரைக்கும் யாரும் பார்த்திராத பளபளப்பில் வெள்ளை உட்கார்ந்திருந்தது.

உலகநாதன் திரும்பினான். முகம் சிவந்து, நெற்றி நரம்பு எழும்பி, வாய் திறந்தது. திறந்து, அசைந்தது. காற்று கழுத்துத்துணியில் படபடத்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வராதது தெரிந்தும் வாய் நிற்கவில்லை, பழைய வேகத்தில் வார்த்தை வார்த்தையாக அடித்துக்கொண்டே போனது. பதினைந்து வருஷமாகப் பார்த்த உதடுகள். என்ன சொல்கின்றன என்று சற்குணம் யோசிக்கவே இல்லை, செண்பகம் சொன்னதை யோசிக்கவே இல்லை, தண்ணி வந்து நிரம்பிவிட்டது. “ஏ கோட்டிக்கார மூதி, எவன்வே வெள்ளைய உள்ள போடச் சொன்னான். நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனா இல்லியா. கேட்டேரா.”

தென்னைமட்டை, கரகரப்பு, துள்ளு. ஒரு இழை குறையாமல். போகவில்லை, இருந்திருக்கிறது.

உலகநாதன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. சற்குணம் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டான், பொத்தி என்ன ஆகப்போகிறது. இனி இவன் திரும்பிப் படியிறங்குவான், கதவைச் சாத்திக்கொள்வான், செண்பகம் போன் பண்ணிப் பிழிவாள், அப்புறம் அந்தப் படியில் அந்தக் கால் கேட்கவே கேட்காது. சுவரோரப் பெஞ்சில் ஒரு அசைவு. கோமதிநாயகம் சார், கண்ணை மூடினபடி, முகம் மலர்ந்து, கழுத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார். “யாரு, உலகநாதனா. எப்பம்டே வந்த. ஒன் சத்தத்தக் கேட்டு எம்புட்டு நாளாச்சு.”

அவருக்கு ஆபரேஷன் என்று தெரியும், என்ன ஆபரேஷன் என்று அவர் கேட்டதில்லை, இவன் சொன்னதில்லை. உலகநாதன் அவரைப் பார்த்தான். மூடியிருந்த அந்தக் கண்களை ரொம்பநேரம் பார்த்தான். பிறகு இரண்டு எட்டு வைத்துச் சற்குணத்தின் எதிரே வந்து, வாயைப் பொத்தியிருந்த கையைப் பிடித்து இறக்கிவிட்டான். மெஷின் சூடு மாறாத உள்ளங்கையைக் கொண்டுவந்து சற்குணத்தின் தொண்டையில் வைத்தான், ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி. அவன் உதடுகள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, இவனுக்காகவே அசைந்தன. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாரும் எங்கேயோ பாதிப் படியில் நின்றுபோயிருந்தது. உள்ளங்கைக்கு அடியில் தொண்டை செருமி, கனைத்து, அதிர்ந்தது.

“இப்பந்தான் சார் வாரேன்.”